பிறந்த நாள் முதல் இருமல்: குற்றிழை அசையாத ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

ஒன்பது வயதுச் சிறுமி. அம்மா ஒரு தடித்த ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்: "டாக்டர், இந்த இருமலை மட்டும் எப்படியாவது நிறுத்திக் கொடுங்க. ஒன்பது வருஷமா எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்குறேன்."

அலுப்பில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஃபைலைப் படித்து முடித்தபோது அது அப்படியே உண்மை என்று தெரிந்தது. பெற்றோரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சிறுமி என் முன்னால் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் நாலைந்து முறை இருமினாள். வறட்டு இருமல் இல்லை. மார்புக்குள் சளி புரளும் சத்தம் கேட்கும் ஈர இருமல். வாய் திறந்தே மூச்சு விட்டாள். கேள்வி கேட்டால் அம்மா முகத்தைப் பார்த்தாள். காது சரியாகக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் திரவம் தேங்கியிருந்தது. ஐந்து வயதில் அதற்காகக் காதில் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காது ஒழுகியிருக்கிறது. மூக்கடைப்புக்குக் கோடை, மழை என்ற பேதமே இல்லை. ஆஸ்துமா என்று ஆறு வருடம் இன்ஹேலர். ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு வாரம் கொஞ்சம் தேவலை, பிறகு பழைய கதை.

ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தேன். இதயச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. வலப்பக்கம் வைத்ததும் தெளிவாகக் கேட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல்லீரல் விளிம்பு இடப்பக்கம் தட்டுப்பட்டது. அம்மாவுக்கு இது தெரியும். "ஹார்ட் வலது பக்கம் இருக்குன்னு சொன்னாங்க டாக்டர். எக்கோ எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னுட்டாங்க."

ஃபைலில் இருந்த ஒரு பழைய எக்ஸ்ரே அறிக்கையில் ஒரு வரி என்னை நிறுத்தியது: படம் இடவலம் மாறிப் பதிவாகியிருந்தது, திருத்தப்பட்டது. வலப்பக்கம் இதயத்தைப் பார்த்த யாரோ, குழந்தையை நம்பாமல் படத்தைச் சந்தேகித்திருக்கிறார். வரிசையாகப் படம் பார்க்கும் அவசரத்தில் யாருக்கும் வரக்கூடிய தவறுதான். ஆனால் அந்த ஒரு திருத்தம் நாலு வருடத்தை விழுங்கிவிட்டது. அதன் பிறகு எடுத்த படத்தில் இதயம் சரியாகவே பதிவாகியும், அதை இருமலோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இருமல் மார்பு மருத்துவரிடம், காது காது மருத்துவரிடம், இதயம் இதய மருத்துவரிடம் என்று மூன்று வழியாகப் பிரிந்து போய்விட்டது.

நான் ஒரு கேள்வி கேட்டேன். பிறந்த முதல் நாள் எப்படி இருந்தாள்?

நிறைமாதம், 39 வாரம், சுகப்பிரசவம். பிறந்ததும் நன்றாக அழுதாள், பால் குடித்தாள். ஏறக்குறைய அரை நாள் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐந்து நாள் ஆக்சிஜன். தொற்று என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். "அப்பவே மூக்கு ஒழுகிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார் அம்மா. பிறந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகுமா என்று அவருக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறுவது வேறு. நிறைமாதத்தில் பிறந்து, அரை நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு திணறி, நாள்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படுவது வேறு. நுரையீரலில் இருக்கும் திரவத்தையும் சளியையும் வெளியேற்ற முதல் நாளிலிருந்தே குற்றிழைகள் (மூச்சுப்பாதையின் உள்சுவரில் அசைந்துகொண்டிருக்கும் மயிர் போன்ற நுண்ணிய இழைகள்) கை கொடுத்தாக வேண்டும். அவை வேலை செய்யாத குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த முதல் நாள் கதை இருக்கும். 2016இல் வெளிவந்த பிகாடார் என்ற மதிப்பெண் முறை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. தினமும் ஈர இருமல் உள்ளவரிடம் நிறைமாதமா, பிறந்தபோது மூச்சுத் தொல்லையா, தீவிர சிகிச்சையில் இருந்ததா, உறுப்புகள் இடம் மாறியுள்ளனவா, இதயக் குறை உண்டா, மூக்கு, காது எப்படி என்று ஏழே கேள்வி. மொத்தம் 14 மதிப்பெண். 5 வந்தாலே மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இந்தச் சிறுமிக்கு 12 வந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை அது.

குற்றிழைக்குள் என்ன இருக்கிறது

சிகிச்சைக்கு வருமுன் அந்த இழையைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்த்துவிடலாம். நோய் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு கிளைகள் வரை உள்சுவரில் குற்றிழை தாங்கிய செல்கள் படர்ந்திருக்கின்றன. ஒரு செல்லின் தலையில் சுமார் 200 இழைகள். ஒவ்வொன்றும் 6 அல்லது 7 மைக்ரோமீட்டர் நீளம், கால் மைக்ரோமீட்டர் தடிமன். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் குறைந்தது 200 இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

அந்தச் சின்ன இழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சக்கரம் போலத் தெரியும். ஓரத்தில் வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல்கள், நடுவில் தனியாக இரண்டு. இதைத்தான் 9+2 அமைப்பு என்கிறோம். ஓரத்து ஜோடி ஒவ்வொன்றிலும் ஏ குழல் முழு வட்டம், 13 புரத நூல்களால் ஆனது. பி குழல் அதன்மேல் ஒட்டிய அரைகுறை வட்டம். ஓரத்திலிருந்து நடு ஜோடியை நோக்கி ஆரக்கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை நெக்சின் என்ற இணைப்பு பிடித்துக்கொண்டிருக்கும்.

இயந்திரம் என்று சொல்லத்தக்க பகுதி ஏ குழலில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வரிசையாகக் கைகள் முளைத்திருக்கும், வெளிக்கை ஒன்று, உள்கை ஒன்று. இவை டைனீன் என்ற புரதம். 1965இல் உயிரியலாளர் இயன் கிப்பன்ஸ் இதற்குப் பெயரிட்டார், விசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. வெளிக்கைகள் 24 நானோமீட்டருக்கு ஒன்று என்று நீளவாக்கில் அடுக்கியிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஜோடியில் 250, ஒன்பது ஜோடிக்கும் சேர்த்து இரண்டாயிரம் தாண்டும். ஒற்றைக் குற்றிழைக்குள் இத்தனை கைகள்! இத்தனை வருடம் இந்தப் படங்களைப் பார்த்தும் எனக்கு இந்த எண் பழகவில்லை.

இழையின் அடியில், செல்லுக்குள், அடித்தண்டு ஒன்று புதைந்திருக்கிறது. அது ஒன்பது மும்மைக் குழல்களால் ஆனது. அதிலிருந்து ஒரு சிறு பாதம் ஒரு பக்கமாக நீட்டியிருக்கும். இழை எந்தத் திசையில் அடிக்க வேண்டுமோ அந்தத் திசையைத்தான் அந்தப் பாதம் காட்டுகிறது. பக்கத்துச் செல்லும் அதே திசையில் அடித்தால்தான் சளி ஒரு வழியில் போகும்.

இழைக்குள் புரதம் தயாரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் செல்லுக்குள் செய்து, சரக்கு ஏற்றுவது போல இழையின் நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்தப் போக்குவரத்தை 1993இல் கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியில் முதன்முதலாகக் கண்டார்கள். குற்றிழை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிப் பாசியும் கடல்முள்ளெலியும் கற்றுக்கொடுத்ததுதான்.

எப்படி அசைகிறது

ஏ குழலில் ஊன்றிய டைனீன் கை, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து, பக்கத்து ஜோடியின் பி குழலைப் பிடித்துத் தள்ளுகிறது. அதனால் ஒரு ஜோடி இன்னொன்றின்மேல் நழுவுகிறது. கிப்பன்ஸும் சம்மர்ஸும் 1971இல் இதை அழகாகக் காட்டினார்கள். கடல்முள்ளெலி விந்தணுவின் வாலை எடுத்து, ஜோடிகளைக் கட்டிவைத்திருக்கும் இணைப்புகளை டிரிப்சின் என்ற நொதியால் அரித்துவிட்டு, ஏடிபியைச் சேர்த்தார்கள். வால் வளையவில்லை. குழல் ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, வால் நீண்டுகொண்டே போனது.

ஆக, கை செய்வது நழுவல் மட்டும். வளைவு கட்டிலிருந்து வருகிறது. ஒரு தடித்த நோட்டை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். குற்றிழையில் இது தலைகீழாக நடக்கிறது. அடியில் கட்டிப்போட்டு, பக்கவாட்டில் நெக்சினால் பிணைத்துவிட்டு, நழுவலை உண்டாக்கினால் போக வழியில்லாமல் முழு இழையும் வளைகிறது. ஒன்பது ஜோடிகளும் ஒரே நேரத்தில் இழுத்தால் எந்தப் பக்கமும் வளையாது. ஒரு பக்கத்துக் கைகள் வேலை செய்யும்போது எதிர்ப்பக்கம் ஓய்ந்திருக்க வேண்டும், அப்புறம் முறை மாற வேண்டும். உடல் சூட்டில் இது நொடிக்கு 10 முதல் 15 முறை நடக்கிறது.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஆடினால் பயனில்லை. இவ்வளவு சிறிய அளவில் திரவத்துக்கு உந்தம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே பிசுபிசுப்பு. போன வழியே திரும்பினால் தள்ளிய சளியும் அப்படியே திரும்பி வந்துவிடும். அதனால் தள்ளும்போது இழை விறைப்பாக நிமிர்ந்து, வேகமாக, முழு நீளமும் சேர்த்து வீசும். திரும்பும்போது வளைந்து, செல்லின் மேற்பரப்பை ஒட்டிப் படுத்தபடி மெதுவாக வரும். செல்லின்மேல் இழையின் உயரத்துக்கு நீர்த்த திரவம், அதற்கு மேலே பாகு போன்ற சளி. நிமிர்ந்து வீசும்போது நுனி மட்டும் மேலே உள்ள பாகைத் தொட்டுத் தள்ளும். திரும்பும்போது கீழே உள்ள திரவத்துக்குள்ளேயே வந்துவிடும். பக்கத்து இழை ஒரு கணம் பிந்தி அடிப்பதால், காற்றடிக்கும் பயிர்வயலில் போல அலை ஓடும். மூச்சுக்குழலில் சளி மேல்நோக்கி, மூக்கில் பின்நோக்கி, இரண்டும் தொண்டையில் வந்து சேரும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். தூசி, கிருமி எல்லாம் அதோடு போகிறது.

சோதனைகள்

வியர்வைச் சோதனை செய்து, சளியைக் கெட்டியாக்கும் இன்னொரு பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை என்று உறுதி செய்தோம். மூச்சளவு சோதனையில், பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று எதிர்பார்த்ததில் 74 சதவீதம். சளியில் ஹீமோஃபிலஸ் கிருமி. மூக்குக் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு நிமிடத்துக்கு 11 நானோலிட்டர். 77க்குக் கீழே போனாலே குற்றிழை அசையாத இந்த நோயை நினைக்க வேண்டும்.

மார்பு சிடி ஸ்கேனில் மூச்சுக்கிளைகள் அகன்று தடித்திருந்தன. இந்த நோயில் வழக்கமாக முதலில் கெடுவது வலது நுரையீரலின் நடுமடல். இவளுக்கு அந்தச் சேதம் இடப்பக்கம் இருந்தது. உறுப்புகள் கண்ணாடியில் தெரிவது போல மாறியிருந்ததால் நடுமடலே இடப்பக்கம்தான் இருந்தது. வலப்பக்கம் தேடியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அடுத்து மூக்கிலிருந்து ஒரு சிறு பிரஷ்ஷால் செல்களைச் சுரண்டி எடுத்தோம். சளி, காய்ச்சல் அடங்கி நான்கு வாரம் காத்திருந்துதான் எடுத்தோம்; தொற்றே குற்றிழையைத் தற்காலிகமாக முடக்கிவிடும் என்பதால் அவசரப்படக் கூடாது. 37 டிகிரியில் வைத்து, நொடிக்கு 500 படம் எடுக்கும் கேமராவில் பதிவு செய்தோம். ஒப்பிட்டுப் பார்க்க என் மூக்கிலிருந்தும் கொஞ்சம் செல் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம்.

என் செல்களில் நாம் எதிர்பார்ப்பது எல்லாம் இருந்தது. செல் கூட்டத்தின் விளிம்பில் இழைகள் வேகம் தாங்காமல் ஒரு மங்கலான பட்டையாகத் தெரிந்தன. அருகில் மிதந்து வந்த ஒரு துணுக்கு அந்த விளிம்பைத் தொட்டதும் விருட்டென்று இழுத்துச் செல்லப்பட்டது. தனியாகப் பிரிந்த ஒரு செல் தன் இழைகளாலேயே பம்பரம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஸ்லைடு சிறுமியுடையது. இழைகள் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. அவை தெளிவாகத் தெரிந்ததே கெட்ட செய்தி. எல்லாம் இருந்தன, நீளமும் எண்ணிக்கையும் குறைவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தன. நெடுநேரம் பார்த்த பிறகு அங்கங்கே அடிப்பகுதியில் ஒரு மெல்லிய நடுக்கம் மட்டும். விளிம்பை ஒட்டி ஒரு சிவப்பணு கிடந்தது. ஐந்து நிமிடம் கழித்தும் அது அதே இடத்தில்தான் கிடந்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் காரணத்தைச் சொன்னது. ஒன்பது ஜோடி சரி, நடு ஜோடி சரி, ஆரக்கால் சரி. வெளிக்கைகள் மட்டும் இல்லை. பார்த்த வெட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இல்லை. விசையின் பெரும்பகுதி வெளிக்கையிலிருந்து வருகிறது, அசைவின் வடிவத்தை உள்கை தீர்மானிக்கிறது. மிச்சமிருந்த உள்கைகளின் முயற்சிதான் அந்த நடுக்கம். மரபணுச் சோதனையில் வெளிக்கையின் பெரிய சங்கிலியைத் தரும் டிஎன்ஏஎச்5 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒரு நல்ல பிரதி இருப்பதால் அவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை.

நோயின் பெயர் பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. ஐம்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களில் எது கெட்டாலும் வரலாம். சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் சாதாரணமாகவே இருக்கும். எனவே படம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நோய் இல்லை என்று எழுதிவிட முடியாது.

இதயம் ஏன் வலப்பக்கம்

இதை அந்த அம்மா கேட்டார், நல்ல கேள்வி. இருமலுக்கும் இதயத்தின் இடத்துக்கும் என்ன சம்பந்தம்?

1933இல் சூரிச்சில் மானெஸ் கார்டாகெனர் என்ற மருத்துவர் சைனஸ் தொல்லை, அகன்ற மூச்சுக்கிளைகள், இடம் மாறிய உறுப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை எழுதினார். ஏன் சேர்ந்து வருகின்றன என்பது நாற்பது வருடத்துக்கு மேல் புதிர். 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ் விந்தணு அசையாத ஆண்களை ஆராய்ந்தபோது வாலில் டைனீன் கைகள் இல்லாததைக் கண்டார். அவர்களுடைய மூச்சுப்பாதைக் குற்றிழைகளிலும் இல்லை. விந்தணுவின் வாலும் குற்றிழையும் ஒரே 9+2 கட்டுமானம்தான். கருவில் எங்கோ குற்றிழைகள் அடித்துத்தான் உறுப்புகளின் பக்கம் முடிவாகிறது, அவை அடிக்காவிட்டால் பக்கம் வெறும் தற்செயல் என்று அப்போதே ஊகித்தார்.

அந்த 'எங்கோ' 1998இல் எலிக் கருவில் கண்முன் வந்தது. கணு என்ற ஒரு சிறு குழியில் செல்லுக்கு ஒன்றாகக் குற்றிழைகள். இவற்றில் நடு ஜோடி இல்லை, 9+0. முன்பின் வீசாமல் பம்பரம் போலச் சுழல்கின்றன. கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்து சுழல்வதால் குழியில் உள்ள திரவம் இடப்பக்கம் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் கருவுக்கு 'இது இடப்பக்கம்' என்று சொல்கிறது. 2002இல் செயற்கையாக எதிர்த்திசையில் திரவத்தை ஓடவிட்டபோது உறுப்புகளின் பக்கமும் மாறியது. டைனீன் கை இல்லாவிட்டால் ஓட்டமே இல்லை. பாதிப் பேருக்கு இதயம் இடம், பாதிப் பேருக்கு வலம். நடு ஜோடியோ ஆரக்காலோ கெட்டவர்களுக்கு இருமல் இருக்கும், உறுப்புகள் மாறியிருக்காது. கணுவின் இழைக்கு அவை தேவையே இல்லை. எனக்கு இந்த நோயில் மிகப் பிடித்த தர்க்கம் இது.

இருமலை என்ன செய்வது

அம்மாவின் முதல் வேண்டுகோளுக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிந்தது. "இந்த இருமலை நிறுத்தக் கூடாதும்மா. குற்றிழை செய்ய வேண்டிய வேலையை ஒன்பது வருஷமா இருமல்தான் செஞ்சிட்டு வருது." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ராத்திரி ராத்திரியாக இருமல் மருந்து கொடுத்து அடக்கியதை நினைத்திருப்பார். அது அவர் தப்பில்லை, பாட்டில் பாட்டிலாக எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்.

இருமல் பெரிய குழாய்களை நன்றாகச் சுத்தம் செய்யும். சிறு கிளைகளை அதனால் எட்ட முடியாது, அங்கேதான் சளி தங்கிக் கிருமி வளர்கிறது. எனவே தினமும் இரண்டு வேளை பிசியோதெரபி, மூச்சுப் பயிற்சி, ஓட்டம். உப்புக்கரைசல் நெபுலைசர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளிப் பரிசோதனை. கிருமிக்கேற்ற ஆன்டிபயாடிக், அதுவும் போதிய நாள். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து ஆறு மாதம் கொடுத்த ஒரு சோதனை 2020இல் வெளியானது. 90 பேர் பங்கேற்ற அதில், நோய் திடீரென முற்றும் தருணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தேவைப்பட்டால் அந்த வழியும் உண்டு. இன்ஹேலரை நிறுத்தினோம். காதில் மறுபடி குழாய் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்து, கேட்கும் கருவி கொடுத்தோம்; வகுப்பில் முன்வரிசை. குற்றிழையையே சரிசெய்யும் மருந்து இன்று கையில் இல்லை. கருக்குழாயிலும் குற்றிழைகள் இருப்பதால், பெரியவளானதும் கருத்தரிப்பு பற்றி ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

ஒரு வருடத்தில் மூச்சளவு 74லிருந்து 83க்கு வந்தது. இருமல் இருக்கிறது. இப்போது அவளே பயிற்சி முடிந்ததும் கப்பில் துப்பிவிட்டு அளவைக் காட்டுகிறாள்.

இரண்டாவது வருகையில் அவளுடைய தம்பியும் வந்திருந்தான், மூன்று வயது. அறை மூலையில் விளையாடிக்கொண்டே இருமினான், அதே ஈரச் சத்தம். கேட்டால், அவனும் பிறந்த மறுநாள் ஆக்சிஜனில் இருந்திருக்கிறான். "அவனுக்கு ஹார்ட் சரியான பக்கம்தான் இருக்கு டாக்டர், அதனால நாங்க கவலைப்படலை" என்றார் அப்பா. அக்காவிடம் கண்ட அதே இரண்டு பழுதுகளுக்காக அவனுடைய ரத்தத்தை அனுப்பினோம். இரண்டும் இருந்தன. அவனுடைய மூச்சுக்கிளைகள் இன்னும் அகலவில்லை. அன்று மாலையே அக்காவும் தம்பியும் சேர்ந்து மூச்சுப் பயிற்சியைத் தொடங்கினார்கள்.